வாசகர் கேள்வி: புல் வளர்ந்து கிடக்கும் நிலத்துக்கு அரசாங்கம் ஏன் பணம் தருகிறது?

கேள்வி: நானும் மனைவியும் டி மொயின் பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். நான் அமெரிக்கக் குடிமகன், மனைவிக்கு கிரீன் கார்டு. ஏப்ரல் கடைசியில் தெற்கு ஐயோவாவில், மிசௌரி எல்லையை ஒட்டிய ஒரு கவுண்டியில் 78 ஏக்கர் நிலம் வாங்கினோம். அதில் 52 ஏக்கர் சி.ஆர்.பி. ஒப்பந்தத்தில் (பயிர் வைக்காமல் புல்லாக விடும் நிலத்துக்கு அரசு வருட வாடகை தரும் திட்டம்) இருக்கிறது. 2018 அக்டோபரில் தொடங்கியது, 2028 செப்டம்பர் 30 வரை ஓடும். ஏக்கருக்கு வருடம் 168 டாலர். "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அக்டோபரில் செக் தானாக வரும்" என்றார் விற்றவர். தாராபுரத்திலிருந்து அப்பா வந்திருக்கிறார். இடுப்பளவுக்குப் புல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இதை அறுத்துக் கொடுத்தால் நாலு காசு வருமே" என்கிறார். பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரரும் அடுத்த வாரமே மெஷினைக் கொண்டுவரத் தயார். இன்னொன்று: எங்கள் கவுண்டியில் யாருக்கு எவ்வளவு மானியம் என்ற பட்டியல் இணையத்தில் கிடக்கிறது. விற்றவர் பெயருக்கு நேரே 26 வருடத்துக்கு 1,30,000 டாலர் என்று இருந்தது. எங்கள் பெயரும் அப்படி வருமா? சும்மா இருப்பதற்குப் பணம் வாங்குகிறோமே என்று உறுத்தவும் செய்கிறது. இதற்கு வரி எப்படி? 2028க்கு அப்புறம் என்ன செய்வது?

— வாசகர், வெஸ்ட் டி மொயின்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அவசரமான இரண்டு வேலை. பண்ணைக்காரருக்கு இன்றைக்கே போன் போட்டு மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்து, இந்த வாரத்துக்குள் உங்கள் கவுண்டி எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில் (இந்தத் திட்டத்தை நடத்தும் மத்திய விவசாயத் துறைக் கிளை) நேரம் வாங்குங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

விற்றவர் தெரியாமல் சொன்னாரா, அசட்டையாகச் சொன்னாரா தெரியவில்லை. செக் தானாக வராது. சி.ஆர்.பி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். நிலம் கைமாறினால் புதிய உரிமையாளர் 60 நாளுக்குள் அந்த ஒப்பந்தத்தில் அவருடைய இடத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஏப்ரல் கடைசியில் பத்திரம் முடிந்தது என்றால் உங்கள் கெடு ஜூன் கடைசி. கூடுதல் அவகாசம் கொடுக்க அலுவலகத்துக்கு இடமுண்டு, ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

கெடு தவறினால் ஒப்பந்தம் ரத்தாகும். அப்போது மாட்டிக்கொள்பவர் முதலில் விற்றவர்தான். இந்த ஒப்பந்தத்தில் இதுவரை வாங்கிய மொத்தத் தொகை, அதற்கு வட்டி, அதற்கு மேல் ஒரு வருட வாடகையில் 25 சதவீதம் அபராதம் எல்லாவற்றையும் அவர் திருப்பிக் கட்ட வேண்டும். வருடத்துக்கு 8,736 டாலர் கணக்கில் அசல் மட்டுமே ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடும். அவர் பாடு என்று விட்டுவிட முடியாது. உங்கள் கிரய ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். "சி.ஆர்.பி. பொறுப்பை வாங்குபவர் ஏற்கிறார், அதை மீறி நஷ்டம் வந்தால் விற்றவருக்கு ஈடுகட்டுவார்" என்கிற மாதிரி ஒரு பத்தி பெரும்பாலும் இருக்கும். இருந்தால் அவருடைய வக்கீல் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்.

போகும்போது பதிவான பத்திரத்தின் நகல், அடையாள அட்டை, இருவரின் சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கி விவரம் எடுத்துப் போங்கள். அங்கே சில படிவங்கள் தருவார்கள்: திருத்திய சி.ஆர்.பி.-1 ஒப்பந்தம், ஏ.டி.-1026, சி.சி.சி.-902, சி.சி.சி.-941. கடைசியில் சொன்னது வருமான வரம்புக்கானது. மூன்று வருட சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் பணம் கிடையாது. ஐ.டி. சம்பளத்தில் அந்தக் கவலை இராது. இந்த அக்டோபர் தொகையில் விற்றவருக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்பதை இருவரும் பேசி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் பின்னால் சங்கடம்.

மறக்காமல் ஒன்று கேட்டு வாங்குங்கள்: அந்த 52 ஏக்கருக்கான பாதுகாப்புத் திட்டத்தின் நகலும் வரைபடமும். என்ன விதைக் கலவை போட்டது, எல்லை எங்கே, எதை எப்போது செய்யலாம் என்று எல்லாம் அதில்தான் இருக்கும். உங்கள் 26 ஏக்கர் ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கிறது. எந்த வேலிக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் டிராக்டரை விட்டால் வம்பு.

இந்த இடத்தில் ஹெச்-1பி விசாவில் இருந்துகொண்டு நிலம் தேடும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவருக்கு இந்தப் பணம் பொதுவாகக் கிடைக்காது. நிலம், முதலீடு இரண்டோடு தன் உடல் உழைப்பையும் கணிசமாகப் பயிரில் போடுபவருக்குத்தான் விலக்கு. ஐயோவாவில் சில விலக்குகள் தவிர அவர்கள் விவசாய நிலம் வாங்குவதையே மாநிலச் சட்டம் தடுக்கிறது. தடை இல்லாத மாநிலத்தில் வாங்கினாலும், 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் மத்திய விவசாயத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போட முடியும். உங்களுக்கு இது பொருந்தாது.

இனி புல். உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. நம்மூரில் மாட்டுக்குத் தீவனம் தேடி அலைந்தவர் கண்ணுக்கு 52 ஏக்கர் புல் சும்மா நிற்பது பொறுக்காது. ஆனால் ஐயோவாவில் மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை பறவைகள் கூடு கட்டும் காலம் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த நாட்களில் சி.ஆர்.பி. புல்லை அறுக்கக் கூடாது. ஃபெசன்ட், பாப்வைட் காடை, மெடோலார்க் எல்லாம் தரையில் முட்டையிடுபவை. அடைகாக்கும் ஃபெசன்ட் கோழி மெஷின் பக்கத்தில் வரும்வரை எழுந்திருக்காது. அது எழும்போது பிளேடு வந்திருக்கும். அனுமதி இல்லாமல் அறுத்தது தெரிந்தால் தொகையில் பிடித்தம் முதல் ஒப்பந்தமே ரத்தாவது வரை போகும். பெயர் மாற்றமே முடியாத நேரத்தில் இந்தப் பேச்சு எழுவது உங்களுக்கு நல்லதில்லை.

அறுக்கவே முடியாதா என்றால், முடியும். 2018 மத்திய விவசாயச் சட்டப்படி, நிலத்தில் எந்த வகைப் புல்வெளி போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, மூன்று வருடத்துக்கு ஒரு முறை, கூடு காலம் முடிந்ததும், முன்கூட்டி அனுமதி வாங்கி அறுக்கலாம். அந்த வருட வாடகையில் 25 சதவீதம் குறைப்பார்கள். அனுமதி முழு 52 ஏக்கருக்கும் கிடைத்தால் உங்களுக்குப் போவது 2,184 டாலர். ஆகஸ்டில் அறுக்கும் முற்றின புல்லில் சத்து குறைவு, விலையும் குறைவு. அறுப்பு, பேல் கட்டு, ஏற்றிப்போகும் செலவு எல்லாம் கழித்து அதற்கு மேல் மிஞ்சுமா என்று பண்ணைக்காரரிடமே கேளுங்கள். கடும் வறட்சி அறிவித்த வருடமென்றால் கதை வேறு. அப்போது அவசர அனுமதியில் அறுக்கலாம், மேய்க்கலாம், பிடித்தம் இல்லை.

அப்பாவிடம் சொல்ல வேண்டிய இன்னொன்று. பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று அங்கங்கே மட்டமாக வெட்டிவிடுவதையும் விதி எந்தக் காலத்திலும் அனுமதிப்பதில்லை. வயல் பரட்டையாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

ஆனால் அவருக்கு வேலை இல்லாமல் இல்லை. "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று விற்றவர் சொன்னதில் இரண்டாவது தப்பு அதுதான். புல்வெளியைக் களை மூடாமல், மரம் முளைக்காமல் வைத்திருப்பது ஒப்பந்தக்காரரின் கடமை. தெற்கு ஐயோவாவில் பெரிய தலைவலி சிவப்பு சீடர் மரம். முழங்கால் உயரத்தில் இருக்கும்போது, தண்டில் கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழே வெட்டிவிட்டால் திரும்பத் துளிர்க்காது. மருந்து வேண்டாம். கோடைக்காலம் முடிந்து இலையெல்லாம் காய்ந்தபின் இது மட்டும் பச்சையாகத் தெரியும், ஒரு அரிவாளோடு நடந்தால் போதும். விட்டுவிட்டால் பத்து வருடத்தில் ஜே.சி.பி.தான் வர வேண்டும். மஸ்க் திஸில், கனடா திஸில் என்ற முட்செடிகள் மாநிலச் சட்டப்படியே அழிக்க வேண்டிய களைகள். கவுண்டியில் இதற்கென்று ஒரு களை அதிகாரி உண்டு. கூடு காலத்தில் அவற்றை அழிக்க வேண்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் செய்கிறேன் என்று அலுவலகத்தில் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

விதை வாங்கும் சந்தர்ப்பம் வந்தால் மிகவும் கவனம். 2016இல் ஐயோவாவின் பல கவுண்டிகளில் பாமர் அமராந்த் என்ற களை திடீரென்று தலைகாட்டியது. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பாதுகாப்புப் புல்வெளிக்காக வெளி மாநிலங்களிலிருந்து வாங்கிய விதைக் கலவையில். மண்ணைக் காக்கப் போட்ட பணத்தில் களையை விலைக்கு வாங்கிய கதை. அது நம் முள்ளுக்கீரை, தண்டுக்கீரையின் பங்காளி. உங்கள் அப்பா பார்த்தவுடன் "கீரை மாதிரி இருக்கே" என்று சொல்லிவிடுவார். கீழ் இலை ஒன்றைப் பறித்து, காம்பை இலையின் மேல் மடித்து வையுங்கள். காம்பு இலையை விட நீளமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஒரு பெண் செடி லட்சக்கணக்கில் விதை போடும். ஏற்கெனவே அடர்ந்து நிற்கும் பழைய புல்வெளியில் இது நுழைவது கஷ்டம். புதிதாக விதைக்கும்போதுதான் ஆபத்து.

சரி, உறுத்தலுக்கு வருகிறேன். இது வெறும் உணர்ச்சி விஷயம் என்று நான் தள்ளமாட்டேன். அந்த ஊர்க் காபிக்கடையில் உட்கார்ந்தால் உங்கள் காதுபடவே பேசுவார்கள்.

பயிர் வைக்காமல் விடுவதற்கு அமெரிக்க அரசு காசு கொடுப்பது புதிதில்லை. 1930களில் சமவெளி மாநிலங்களில் உழுது போட்ட மண் காற்றில் கிளம்பி ஊர் ஊராக மூடியது. 1935இல் மண் பாதுகாப்புக்கென்றே ஒரு துறை தொடங்கினார்கள். இன்றைக்கு என்.ஆர்.சி.எஸ். என்ற பெயரில், பெரும்பாலும் எஃப்.எஸ்.ஏ. இருக்கும் அதே கட்டடத்தில் இருப்பது அதுதான். 1956இல் "மண் வங்கி" என்று ஒரு திட்டம். இப்போதைய சி.ஆர்.பி. 1985 டிசம்பரில் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தில் வந்தது. அப்போது தானியம் மலையாகக் குவிந்து விலை விழுந்து, கடனில் பண்ணைகள் ஏலம் போய்க்கொண்டிருந்தன. ஆகவே மண்ணைக் காப்பது பாதி நோக்கம், விளைச்சலைக் குறைத்து விலையைத் தூக்குவது மீதி. இதை மறைத்து வெறும் பறவைகளுக்காக என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 2007இல் நாடு முழுக்க 3.68 கோடி ஏக்கர் இதில் இருந்தது. அப்புறம் எத்தனால் தேவையில் சோள விலை ஏறியதும் ஒப்பந்தம் முடிந்தவர்கள் கும்பலாக வெளியேறி மறுபடி உழுதார்கள்.

உங்கள் நிலம் இருக்கும் பகுதி வேறு மாதிரி. டி மொயினுக்கு வடக்கே தரை மேஜை போல, கறுப்பு மண். தெற்கே ரிங்கோல்ட், டெக்கேட்டர், வெய்ன் கவுண்டிகளின் வரிசையில் ஏற்ற இறக்கம், மேலே மெல்லிய வண்டல், கீழே பழைய களிமண். ஷெல்பி, அடேர் என்று மண் வரைபடத்தில் எழுதியிருக்கும் சரிவுகளை வருடா வருடம் உழுதால் மழைக்கு மேல்மண் ஓடையில் போய், நடுவே பள்ளம் விழும். அந்த மாதிரிச் சரிவில் புல் நிற்பதற்கு அரசு வாடகை கொடுப்பதை நான் தப்பாக நினைக்கவில்லை. கீழே உள்ள குளமும் குடிநீரும் அதனால் பலன் பெறுகின்றன.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. அரசாங்கமே குத்தகைக்காரராக வந்து நின்றால், புதிதாக விவசாயம் தொடங்கும் இளைஞனுக்கு நிலம் கிடைக்காது. விதை, உரம், டீசல், மெஷின் ரிப்பேர் எல்லாம் விற்கும் சின்ன ஊர்க் கடைகளுக்கு வியாபாரம் குறையும். நகரத்தில் இருக்கும் உரிமையாளருக்குப் பணம் போய்ச் சேரும், ஊருக்குள் சுற்றாது. இதனால்தான் ஒரு கவுண்டியின் பயிர் நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 2018 சட்டம் பொதுச் சேர்க்கைக்கான (போட்டி வைத்து நிலம் எடுக்கும் முறை) வாடகையைக் கவுண்டி சராசரியில் 85 சதவீதமாகக் குறைத்ததற்கும் இதே புகார் ஒரு காரணம். சமதளமான நல்ல மண்ணை இதில் போட்டுவைத்திருப்பவர்களைப் பற்றி இந்தக் குற்றச்சாட்டு சரி என்பது என் கட்சி. உங்களுடையது எது என்பதை வரைபடம்தான் சொல்ல வேண்டும்.

பட்டியலைப் பற்றி: ஆம், உங்கள் பெயரும் வரும். என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே விவசாயத் துறையிடம் கணக்கு வாங்கி, 1995 முதலான தொகைகளைக் கவுண்டி வாரியாகப் போடுகிறது. யாருக்கு எவ்வளவு என்பது பொதுத் தகவல். வயல் எல்லை, பண்ணை விவரம் போன்றவற்றைத்தான் சட்டம் காக்கிறது. பெயரை மறைப்பதற்காக மட்டும் ஒரு எல்.எல்.சி. தொடங்கச் சொல்லமாட்டேன், அது வேலை கூடியதாக முடியும்.

அந்தப் பட்டியலை வாசிக்கும் முறை ஒன்று இருக்கிறது. தொகை இருக்கும், ஏக்கர் இருக்காது. விற்றவரின் 1,30,000 டாலரையே எடுங்கள். இப்போதைய ஒப்பந்தத்தில் ஆறு தவணை சேர்ந்திருந்தால் அது 52,416. மீதி 77,584 டாலர் முந்தைய 20 வருடத்துக்கு. அப்போதும் இதே 52 ஏக்கர்தான் என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு வருடம் 75 டாலர்கூடத் தேறாது. அதிலிருந்து நில வரி கட்டியிருப்பார், களைக்கு மருந்து அடித்திருப்பார், விதைப்புச் செலவில் தன் பங்கைப் போட்டிருப்பார். மொத்தத்தை மட்டும் பார்த்து ஆளை எடைபோட வேண்டாம்.

வரி சுருக்கமாக. அரசு தந்த தொகையைக் காட்டும் 1099-ஜி படிவம் ஜனவரியில் வரும். இது வருமானம், அதில் சந்தேகமில்லை. சுயதொழில் வரி 15.3 சதவீதமும் உண்டா என்பதில்தான் சண்டை. விவசாயமே செய்யாத ஒருவருக்கு இது நில வாடகைதான், சுயதொழில் வரி கிடையாது என்று 2014இல் மோர்ஹவுஸ் வழக்கில் எட்டாவது சர்க்யூட் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஐயோவா அந்த எல்லைக்குள் வருகிறது. ஆனால் இந்தத் தீர்ப்பு தங்களுக்கு ஏற்புடையதில்லை என்று வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். 2015இல் அறிவித்துவிட்டது. பண்ணைக் கணக்கு பார்த்துப் பழகிய சி.பி.ஏ.விடம் (கணக்காளர்) போங்கள். உங்கள் சம்பளமே சோஷியல் செக்யூரிட்டி உச்சவரம்பைத் தாண்டியிருந்தால், தோற்றாலும் மிஞ்சுவது மெடிகேர் பங்கு மட்டும்தான், பெரிய தொகை இல்லை. அப்பாவின் புல் வியாபாரத்தை நீங்களே நடத்த ஆரம்பித்தால் "நான் விவசாயி இல்லை" என்ற வாதம் பலவீனமாகும் என்பதையும் சி.பி.ஏ.விடம் சொல்லுங்கள்.

2028ஐ இப்போதே யோசிப்பது நல்ல பழக்கம். மறுபடி சேர்க்கலாம், ஆனால் அது உரிமை இல்லை, போட்டி. பொதுச் சேர்க்கையில் பறவை, நீர், மண்ணரிப்பு, செலவு என்று மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். அதிகபட்ச வாடகையை விடக் குறைத்துக் கேட்டால் மதிப்பெண் கூடும், உள்ளூர்ப் புல், பூச்செடிக் கலவைக்கு மாறினாலும் கூடும். 2018 சட்டமும் நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 2028இல் விதி இப்படியே இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

சோளத்துக்குக் குத்தகை விடலாமா? 2024இல் ஐயோவா மாநில சராசரிக் குத்தகை ஏக்கருக்கு 279 டாலர் என்று ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகக் கணக்கு சொல்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், உங்கள் பக்கம் அதை விடக் கணிசமாகக் குறைவு. அதோடு, எளிதில் அரிக்கும் மண் என்று என்.ஆர்.சி.எஸ். வகைப்படுத்திய இடத்தை அவர்கள் ஒப்புக்கொண்ட முறை இல்லாமல் உழுதால், உங்களுக்கும் குத்தகைக்காரருக்கும் விவசாயத் துறைப் பலன்கள் போகும், பயிர்க் காப்பீட்டு மானியமும் போகும்.

என் யோசனை: 52 ஏக்கரையும் ஒரே துண்டாக நினைக்காதீர்கள். மேட்டின் உச்சியில் சமமாக ஒரு பகுதி இருந்தால் அதைக் குத்தகைக்கு விடலாம். கவுண்டியில் இளம் விவசாயி ஒருவர் தேடிக்கொண்டுதான் இருப்பார். சரிவை மறுபடி சி.ஆர்.பி. பொதுச் சேர்க்கைப் போட்டியில் வைக்கலாம். ஓடையோரத்தை, தண்ணீரோடு வரும் மண்ணை வடிகட்டும் புல்பட்டையாக, சி.ஆர்.பி.யின் தொடர் சேர்க்கையில் கொடுக்கலாம், அதற்குப் போட்டி மதிப்பெண் இல்லை. அல்லது புல்லை அப்படியே வைத்து வேலி, தண்ணீர்த் தொட்டி போட்டு மேய்ச்சலுக்கு விடலாம். என்.ஆர்.சி.எஸ்.ஸின் ஈக்விப் என்ற திட்டத்தில் அதற்குச் செலவில் பங்கு தருகிறார்கள், விவசாயத்தில் இறங்கிப் பத்து வருடம் ஆகாதவர்களுக்கு விகிதம் அதிகம். புல் அறுக்க வரவிருந்த உங்கள் பக்கத்துப் பண்ணைக்காரரே அப்போது உங்கள் முதல் குத்தகைக்காரர் ஆகலாம்.

எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்திலிருந்து திட்டத்தின் நகல் கைக்கு வந்ததும், மண் வரைபடத்தையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். எந்தப் பகுதியை எதற்கு விடலாம் என்று பார்த்து எழுதுகிறேன்.